யார் பணத்தில் ஆண்டவருக்குக் கூரை?



அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே, லயங்களுக்குச் சற்று மேலே, ஒரு சிற்றாலயம் இருக்கிறது. நாற்பது குடும்பங்களின் கோவில் அது. வைகாசி பிறந்தால் அந்தப் பக்கமெல்லாம் மழையும் பனிமூட்டமுந்தான். தகரக் கூரை துருப்பிடித்து ஓட்டை விழுந்து, திருப்பலி நேரத்தில் பீடத்தின் மேலேயே தண்ணீர் சொட்டியது. ஒரு ஞாயிறு, பூசை உதவிச் சிறுவன் ஒருவன் பீடத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றான். அதைப் பார்த்தபோது எனக்கு உண்டான வெட்கம் இன்னும் மறக்கவில்லை.

பூசை முடிந்ததும் கோவில் சபையார் கூடினோம். கூரை முழுவதையும் மாற்ற வேண்டும். கோவில் பெட்டியில் இருந்த பணமோ ஆணி வாங்கவும் போதாது. அப்போது ஒருவர் சொன்னார்: நகரத்திலே ஒரு முதலாளி இருக்கிறார்; பல கடைகளுக்குச் சொந்தக்காரர்; எந்த மதத்திலும் பற்றில்லாதவர், எந்தக் கோவில் வாசலையும் மிதிக்காதவர்; ஆனால் கேட்டால் கொடுக்கிற கை. ஒரு கடிதம் எழுதினால் போதும், ஒரே வாரத்தில் லொறியில் தகரம் வந்து இறங்கிவிடும். எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. எனக்கும் பட்டது. அன்றிரவே கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன்.

மறுநாள் மாலை, கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு வயதான தாய் என்னை நிறுத்தினார். தலையில் கூடை, இடுப்பில் படங்குச் சாக்கு, கால்களில் அட்டை கடித்த இரத்தம். “சாமி, அந்த மொதலாளி கடையிலதான் எங்க லயத்துல பாதிப் பேருக்குக் கடன். எங்க பேரெல்லாம் அவரு கணக்குப் பொஸ்தகத்துல இருக்கு. இப்ப மாதாவோட பேரையும் அதுல எழுதப் போறீங்களா?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எழுதிய கடிதம் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. அந்தத் தாயின் கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்கிறேன். கோவிலுக்காக, மறைக்கல்விக்காக, நோயாளருக்காக, ஆதரவற்ற பிள்ளைகளுக்காக, நம் விசுவாசத்தில் பங்கில்லாத செல்வந்தரிடம் நாம் கை நீட்டலாமா?

அவிசுவாசி என்று யாரைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். நம் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் இந்துக் குடும்பத்தை நான் இங்கே சொல்லவில்லை. ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கிறோம், ஒரே மலையில் கொழுந்து எடுக்கிறோம். நத்தாருக்கு நம் வீட்டுப் பலகாரம் அவர்கள் வீட்டுக்குப் போகிறது, தீபாவளிக்கு அவர்கள் பலகாரம் நம் வீட்டுக்கு வருகிறது. பிற சமயங்களில் உள்ள உண்மையானதும் தூயதுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஆம் ஆண்டிலேயே போதித்துவிட்டது. நம் மாதா திருநாளுக்கு அயல் வீட்டு அம்மா ஒரு தேங்காயும் ஊதுபத்தியும் கொண்டுவந்தால் அது அயலவரின் அன்பு. அதை ஏற்கலாமா என்ற கேள்வியே எழவில்லை. பெரிய பணம் படைத்த ஒருவரிடம், அவருடைய ஆன்மாவைப் பற்றி ஒரு நாளும் எண்ணாமல், அவருடைய பணத்தை எண்ணி நாமாகத் தேடிப் போகிறோமே, அந்தப் போக்கைப் பற்றியதுதான் கேள்வி.

வேதாகமத்தைத் திறந்தால், பிற இனத்தாரின் கையிலிருந்து இறைமக்கள் உதவி பெற்ற நிகழ்ச்சிகள் பல உண்டு. பாபிலோனில் சிறையிருந்த யூதரை விடுவித்து, எருசலேம் தேவாலயத்தைக் கட்ட அனுமதியும் உதவியும் அளித்தவன் பாரசீக மன்னன் சைரஸ். கப்பர்நாகூமில் யூதருக்குச் செபக்கூடம் கட்டிக்கொடுத்தவன் உரோமைப் படையின் நூற்றுவர் தலைவன். அவன் ஊழியனைக் குணமாக்க ஆண்டவர் தயங்காமல் புறப்பட்டார். இஸ்ராயேலிலும் காணாத விசுவாசத்தை அவனிடம் கண்டு வியந்தார். புனித சின்னப்பர் பயணம் செய்த கப்பல் உடைந்து மால்ட்டாத் தீவில் கரையேறியபோது, கிறிஸ்துவை அறியாத அத்தீவார் நெருப்பு மூட்டிக் குளிர்காய வைத்தார்கள். புறப்படும்போது வேண்டிய பொருளையெல்லாம் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். அப்போஸ்தலர் அதை மறுக்கவில்லை.

ஆனால் அதே வேதாகமத்திலே வேறு நிகழ்ச்சிகளும் உண்டு. போரில் மீட்ட பொருளையெல்லாம் நீரே வைத்துக்கொள்ளும் என்று சோதோமின் அரசன் ஆபிரகாமிடம் சொன்னான். ஒரு நூலையும், செருப்பின் வாரையுங்கூடத் தொடமாட்டேன் என்றார் ஆபிரகாம். அவரைச் செல்வராக்கியது தானே என்று அந்த அரசன் பின்னொரு நாளில் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது என்பதே அவர் சொன்ன காரணம். தொழுநோய் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாமான் கொண்டுவந்த வெள்ளியையும் பொன்னையும் இறைவாக்கினர் எலிசேயு வாங்கவில்லை. அவருடைய ஊழியன் பின்னாலே ஓடிப்போய்க் கேட்டு வாங்கினான். அதனால் நாமானைவிட்டு நீங்கிய தொழுநோய் அவனைப் பற்றிக்கொண்டது. புனித அருளப்பர் தம் மூன்றாம் திருமுகத்திலே, ஆண்டவரின் பெயருக்காகப் புறப்பட்டுப் போன ஊழியர் புறவினத்தாரிடம் ஒன்றும் பெற்றுக்கொள்ளவில்லை என்றும், அதனாலேயே நாம் அவர்களைத் தாங்கக் கடமைப்பட்டிருக்கிறோம் என்றும் எழுதுகிறார்.

இவை ஒன்றுக்கொன்று முரணானவையா? கூர்ந்து பாருங்கள். செபக்கூடம் கட்டிய நூற்றுவர் தலைவன் யூத மக்களை நேசித்தவன். மால்ட்டாத் தீவார் அப்போஸ்தலர் தங்கள் நோயாளிகளைக் குணமாக்கியதைக் கண்டு தாங்களாகவே கொடுத்தவர்கள். அவர்களிடம் யாரும் விண்ணப்பக் கடிதம் கொண்டுபோகவில்லை. அன்பிலிருந்து வந்த கொடை அன்போடு ஏற்கப்பட்டது. சோதோம் அரசனின் கொடையில் நாளைய உரிமைப் பேச்சு மறைந்திருந்தது. நாமானோ அப்போதுதான் மெய்யான கடவுளை அறியத் தொடங்கியவன். கடவுளின் வரத்துக்கு விலை உண்டு என்று அவன் நினைத்துவிடக் கூடாது அல்லவா?

ஆதித் திருச்சபை இதை நன்கு அறிந்திருந்தது. கருங்கடற்கரைப் பொந்து நாட்டிலிருந்து உரோமைக்கு வந்த மார்சியன் என்ற கப்பல் முதலாளி, உரோமைத் திருச்சபைக்கு இரண்டு இலட்சம் செஸ்டர்ஸ் நாணயங்களைக் காணிக்கையாகக் கொடுத்தான். பின்பு அவனுடைய போதனை தவறானது என்று கண்ட திருச்சபை, ஏறக்குறைய 144 ஆம் ஆண்டிலே அவனை விலக்கியது. விலக்கியபோது அந்த இரண்டு இலட்சத்தையும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டது. சொந்தமாகப் பேராலயம் ஒன்றும் இல்லாமல், கலாபனைக்கு அஞ்சி வாழ்ந்த ஒரு சிறு கூட்டம் அது. பணத்தை வைத்துக்கொண்டு உண்மையைச் சற்று விட்டுக்கொடுத்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? உண்மையை வைத்துக்கொண்டு பணத்தை விட்டுக்கொடுத்தார்கள். அதனால்தான் அந்த விசுவாசம் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கேட்டு வாங்கும் பணத்தால் இரண்டு தீமைகள் உண்டு. ஒன்று, அது நம்முடைய வாயைக் கட்டுகிறது. மற்றொன்று, கொடுத்தவருடைய காதை அடைக்கிறது.

வாயைக் கட்டுவதை மலைநாட்டவராகிய நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கோப்பிக் காலத்தில், 1854 ஆம் ஆண்டு, ஆங்கிலிக்கன் சபையார் தோட்டத் தொழிலாளருக்காகத் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற பணியைத் தொடங்கினார்கள். தோட்டத் துரைமார் சந்தா கொடுத்து அதன் செலவில் பெரும் பங்கைத் தாங்கினார்கள். அந்தப் பணியாளரின் தியாகத்தையோ நல்ல மனத்தையோ நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள். துரையின் சந்தாவில் சம்பளம் வாங்கும் உபதேசியார், துரை நிறுத்திவைத்த கூலியைப் பற்றி எப்படி வாய் திறப்பார்? நம்முடைய கத்தோலிக்கச் சிற்றாலயங்கள் பலவும் தோட்டத்து நிலத்திலேயே நிற்கின்றன. ஆகவே நாமும் கல்லெறியத் தகுதியுள்ளவர்கள் அல்ல.

பெல்மோரல், கிளாஸ்கோ, ஹோல்புரூக் என்று அந்நிய ஊர்ப் பெயர்களைச் சுமந்து நிற்கும் நம் தோட்டங்கள் பல கை மாறிவிட்டன. வெள்ளைக்காரக் கம்பனிகள் போய், 1970களில் அரசாங்கம் வந்தது; 1992 முதல் மறுபடியும் கம்பனிகள் வந்தன. மாறாதது ஒன்று உண்டு. கூலிக்காகத் தொழிலாளி போராட வேண்டியிருப்பதுதான் அது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்பது பல வருடக் கோரிக்கைக்குப் பிறகே 2021 ஆம் ஆண்டில் வர்த்தமானியில் வந்தது. நிறை காணாவிட்டால் அரைப்பேர் என்ற துன்பம் உங்களுக்குத் தெரியும். இந்த மக்களுக்காகத் திருச்சபை பேச வேண்டிய நாள் வரும்போது, அதன் தலைக்கு மேலே யாருடைய தகரம் இருக்கிறது என்பது சிறிய காரியமா?

சீராக் ஞான நூலின் 34 ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். ஏழைகளின் உடைமையிலிருந்து எடுத்துப் பலி செலுத்துகிறவன், தந்தையின் கண் முன்னே மகனைக் கொல்பவனுக்கு ஒப்பானவன் என்று அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. கூலியைப் பறிப்பது இரத்தம் சிந்துவதாகும் என்றும் அந்நூல் போதிக்கிறது. 1514 ஆம் ஆண்டில், கியூபாத் தீவிலே, பார்த்தொலொமே தே லாஸ் காசாஸ் என்ற குரு பெந்தகோஸ்துப் பெருவிழாப் பிரசங்கத்துக்குத் தயாராகும்போது இந்தப் பகுதியை வாசித்தார். அவரிடமே அடிமைகளைப் போல் வேலை வாங்கப்பட்ட பூர்வீக மக்கள் இருந்தார்கள். வேத வாக்கு அவர் நெஞ்சைத் தைத்தது. அந்த மக்களை விடுவித்தார். மீதி வாழ்நாள் முழுவதும் அவர்களுக்காகவே அரசர் முன்னும் ஆயர் முன்னும் வாதாடினார். தன் கையைக் கழுவிய பிறகே அவருக்கு வாய் திறந்தது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் நாள் பொது மறைபோதகத்திலே இதையே இன்னும் வெளிப்படையாகச் சொன்னார். குறைந்த கூலிக்கு வருத்தி வேலை வாங்கப்பட்ட மக்களின் இரத்தத்தில் விளைந்த பணத்தைத் திருச்சபைக்குக் காணிக்கையாகக் கொண்டுவருவோரிடம், அந்தக் காசோலையை எடுத்துப்போய் எரித்துவிடச் சொல்வேன் என்று அவர் கூறினார். இறைமக்களுக்குத் தேவை அழுக்கான பணம் அல்ல, இறைவனின் இரக்கத்துக்குத் திறந்த இதயங்களே என்பது அவர் போதனை.

புனிதர்களுக்குங்கூட இதில் சங்கடம் நேர்ந்திருக்கிறது. கல்கத்தா அன்னை தெரேசா தம் பெயரால் நிதி திரட்ட வேண்டாம் என்று எல்லாரிடமும் சொன்னவர்; பரம்பொருளின் பராமரிப்பையே நம்பியவர். ஆனாலும் அமெரிக்காவில் சார்ல்ஸ் கீட்டிங் என்ற நிதி முதலாளி கொடுத்த பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பணத்தை ஏழைகளுக்காக ஏற்றுக்கொண்டார். சேமிப்பாளரை ஏமாற்றியதாக அந்த மனிதர்மீது வழக்கு வந்தபோது, 1992 ஆம் ஆண்டில் அன்னை அவருக்காக நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அரச வழக்கறிஞர் ஒருவர், அது பறிகொடுத்த மக்களின் பணம், திருப்பிக் கொடுங்கள் என்று அன்னைக்குப் பதில் எழுதினார். அன்னையின் தூய உள்ளத்தில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கேட்காமலே வந்த பணமே ஒரு புனிதையின் பேனாவை இப்படி இழுத்ததென்றால், நாம் கேட்டு வாங்கும் பணம் நம்மை எங்கே இழுத்துப் போகும்?

இரண்டாவது தீமையைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை. அந்தச் செல்வந்தருக்கும் ஓர் ஆன்மா உண்டு. அவருக்காகவும் கிறிஸ்து மரித்தார். அவரிடம் தினமும் கை நீட்டுவோர் எத்தனையோ பேர். தேர்தலுக்குக் கேட்பவன், விளையாட்டுப் போட்டிக்குக் கேட்பவன், கலை விழாவுக்குக் கேட்பவன். அந்த வரிசையில் நாமும் போய் நின்றால், திருச்சபை என்பது இன்னொரு சந்தாப் புத்தகம் என்றுதானே அவர் நினைப்பார்? பிறகு ஒரு நாள் அவர் வீட்டில் மரணம் வரும், நோய் வரும், மகன் வழிதவறிப் போவான். அன்று ஆறுதல் சொல்ல நாம் போனால், பாதிரியார் எவ்வளவு கேட்க வந்திருக்கிறாரோ என்றுதான் பார்ப்பார். நற்செய்தி நுழைய வேண்டிய காதை நாமே அடைத்துவிட்டோம்.

எரிக்கோவில் ஆண்டவர் நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். சக்கேயு பெரிய பணக்காரன். வரி வசூலில் பிறரைச் சுரண்டியவன் என்று ஊரே வெறுத்தவன். ஆண்டவர் மரத்தடியில் நின்று அவனைப் பெயர் சொல்லி அழைத்தார். அவனிடம் அவர் கேட்டது, அன்றைக்கு அவன் வீட்டில் தங்க ஓர் இடம். பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. சக்கேயு தானாகவே எழுந்து, சொத்தில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றியதற்கு நான்கு மடங்கை ஏமாந்தவருக்கும் கொடுப்பதாகச் சொன்னான். கவனியுங்கள்: அந்தப் பணத்தில் ஒரு காசும் அப்போஸ்தலரின் பைக்கு வரவில்லை. யாரிடம் எடுக்கப்பட்டதோ அவர்களுக்கே திரும்பிப் போனது. அந்த வீட்டுக்கு மீட்பு வந்தது. நாமாக இருந்திருந்தால், இத்தனை பேருக்குச் சாப்பாடு போட வேண்டியிருக்கிறது, ஏதாவது உதவுங்கள் என்று மரத்தடியிலேயே விண்ணப்பத்தை நீட்டியிருப்போம்! புனித சின்னப்பரும் கொரிந்தியருக்கு எழுதும்போது, தாம் நாடுவது அவர்களுடைய பொருளை அல்ல, அவர்களையே என்றார். செல்வரான அவிசுவாசியிடம் நாம் போகத்தான் வேண்டும். ஆனால் அவருக்காகப் போக வேண்டும்.

இங்கே சிலர் நியாயமான மறுப்புச் சொல்வார்கள். நெகேமியா பாரசீக அரசனிடம் எருசலேம் வாயிலுக்கும் மதிலுக்கும் மரம் கேட்டாரே என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த அரசனின் ஆட்சியில் வரி கொடுத்து வாழ்ந்த மக்கள் அவர்கள். நம் நாட்டிலும் பாதைக்கும் தண்ணீருக்கும் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அரசாங்கத்திடமும் தோட்ட நிர்வாகத்திடமும் கேட்க நமக்கு உரிமை உண்டு. அது பிச்சையல்ல. லயத்துக் கூரைக்குத் தகரம் தருவது நிர்வாகத்தின் கடமை என்றால் நிமிர்ந்து நின்று கேளுங்கள். உரிமையைப் பிச்சையாகக் கேட்பதும் தவறு, பிச்சையை உரிமையாக எண்ணுவதும் தவறு. அதே பாரசீக ஆட்சியில் வாழ்ந்த எஸ்றா, கடவுளின் கரம் தங்களைக் காக்கும் என்று அரசனிடம் சொல்லியிருந்தபடியால், வழித்துணைக்குப் போர்வீரரைக் கேட்க வெட்கப்பட்டு, மக்களோடு நோன்பிருந்து புறப்பட்டார் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

வெளிநாட்டு உதவி கூடாதா என்று வேறு சிலர் கேட்பார்கள். 1968 ஆம் ஆண்டு தொடங்கிய செடெக் நிறுவனத்தையும், அதன் வழியாக மறைமாவட்டங்களில் நடந்த வேலைகளையும் நாம் அறிவோம். ஜெர்மன் கத்தோலிக்கர் 1958 இல் தொடங்கிய மிசெரியோர் போன்ற நிறுவனங்களின் உதவியில், விசுவாசிகளின் தவக்காலக் காணிக்கையோடு அந்நாட்டு அரசின் பணமும் சேர்ந்திருக்கிறது. அந்த அரசுக்கு வரி கொடுத்தவர்களில் கடவுளை நம்பாதவரும் இருப்பர். அதனால் என்ன? கிணறும் மலசலகூடமும் பாலர் நிலையமும் எல்லா மதத்தாருக்கும் பொதுவானவை. பசித்தவனுக்குச் சோறு போடும் வேலையில் நல்மனத்தோர் யாரும் சேர்ந்துகொள்ளலாம். கணக்கு வெளிப்படையாக இருக்கட்டும், நோக்கம் இன்னதென்று இருபுறமும் தெரிந்திருக்கட்டும். ஆனால் பீடமும் பிரசங்கமும் மறைக்கல்வியும் விசுவாசிகளின் வீட்டுக் கடமை. வீட்டுக்கு வரும் விருந்தாளி பழம் கொண்டுவரலாம். அடுப்பெரிக்கும் விறகை விருந்தாளியிடம் கேட்கும் வீடு மானமுள்ள வீடல்ல.

யார் செலவைக் கொடுக்கிறாரோ அவர் கையில் திறப்பும் போய்விடும் என்பதை நம் திருச்சபை ஒரு தடவை கண்ணீரோடு கற்றிருக்கிறது. இலங்கையில் நம் பாடசாலைகள் நெடுங்காலம் அரசாங்க நன்கொடையில் நடந்தன. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் வந்தபோது, அவற்றில் மிகப் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளேயே இரவும் பகலும் காவலிருந்தும் பயனில்லை. அரசு செய்தது சரியா தவறா என்ற வாதம் இங்கே வேண்டாம். நன்கொடையையும் விட்டு, கட்டணமும் அறவிட முடியாத நிலையில், தனித்து நிற்கத் துணிந்த சில பாடசாலைகள் மட்டும் திருச்சபையிடம் எஞ்சின. அவற்றைக் காப்பாற்றியவை விசுவாசக் குடும்பங்களின் காணிக்கைகளும் துறவியரின் உழைப்புந்தான். திருச்சபை உலக அதிகாரம் அளிக்கும் சலுகைகளில் நம்பிக்கை வைப்பதில்லை என்றும், தன் சாட்சியத்தின் நேர்மைக்கு ஐயம் வருமானால் நியாயமாகப் பெற்ற உரிமைகளையும் விட்டுவிடத் தயாராயிருக்கும் என்றும் 1965 இல் வத்திக்கான் சங்கம் சொன்னபோது, அதன் பொருளை நம் நாட்டுக் கத்தோலிக்கர் ஏற்கெனவே அனுபவித்திருந்தார்கள்.

நம் கண்டி மலைநாட்டில் விசுவாசத்தை மீண்டும் விதைத்தவரை நினைத்துக்கொள்ளுங்கள். புனித சூசைவாஸ் முனிவர் 1687 ஆம் ஆண்டு பிச்சைக்காரர் கோலத்தில் இந்நாட்டுக்கு வந்தார். கண்டியில் ஒற்றரென்று எண்ணிச் சிறையிட்டார்கள். 1697 இல் அம்மை நோய் பரவி, பெற்றவர்களே பிள்ளைகளை விட்டு ஓடிய நாளிலே, அவரும் அவருடைய மருமகனாகிய குருவும் நோயாளிகளைத் தொட்டுத் தூக்கிப் பணிவிடை செய்தார்கள். பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனின் மதிப்பையும் பாதுகாப்பையும் பெற்றார். அரசனின் பொன்னால் அந்த மதிப்பு வரவில்லை; அரசனின் குடிமக்களுடைய புண்ணைக் கழுவியதால் வந்தது. 1711 இல் ஏழையாகவே கண்டியில் மரித்தார். 2015 ஆம் ஆண்டு அவரைப் புனிதராக உயர்த்தியபோது நாம் எல்லாரும் மகிழ்ந்தோம். மகிழ்ந்தால் போதுமா? அவர் வழியில் நடக்க வேண்டாமா?

இனி அந்தச் சிற்றாலயத்துக்குத் திரும்புவோம்.

அடுத்த ஞாயிறு அந்தத் தாயின் கேள்வியை அவர் பெயரைச் சொல்லாமல் எல்லார் முன்னும் வைத்தேன். எழுதிய கடிதத்தை அனுப்பவில்லை என்றும் சொன்னேன். சிலர் முகம் சுளித்தார்கள். “சாமிக்கு வீம்பு. நனையிறது நாங்கதானே” என்று ஒருவர் என் காதில் விழும்படியே சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்று தீர்மானித்தபடி ஒவ்வொரு வீட்டிலும் பிடியரிசிப் பானை வைத்தோம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி கோவிலுக்கு. மாதக் கடைசியில் அதை விற்றுப் பணத்தைப் பெட்டியில் சேர்த்தோம். கணக்கை வாரந்தோறும் வாசித்தோம். ஓர் ஆண்டில் முடியவில்லை. இரண்டு மழைக்காலம் நனைந்தோம். இரண்டாம் ஆண்டில் அரிசி விலை ஏறியபோது, சில வீடுகளில் பானை வெறுமையாகவே இருந்தது. யாரையும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது, நம் குடும்பங்களின் எண்ணிக்கையைவிட மூன்று பொட்டலம் கூடுதலாக இருந்தது. விசாரித்தால், கீழ் லயத்து இந்துத் தாய்மார் மூவர், “எங்க வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கோவில்லதானே மழைக்கு ஒதுங்குது” என்று கொடுத்தனுப்பியிருந்தார்கள். அதை வாங்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கூரை போடும் நாளில் அவர்களுடைய ஆண்மக்களே ஏணி பிடித்தார்கள்.

அந்த முதலாளியையும் நான் போய்ப் பார்த்தேன். பணம் கேட்க அல்ல, அவர் மனைவி நோயாய்க் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு. எதற்காக வந்தேன் என்று முதலில் அவருக்குப் புரியவில்லை. நோட்டுப் புத்தகமா, டிக்கற்றா என்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு உட்காரச் சொன்னார். ஒரு மணி நேரம் பேசினோம். அவர் இன்னும் எந்தக் கோவிலுக்கும் போவதில்லை. ஆனால் என்னைக் கண்டால் இப்போது என் கையைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்க்கிறார். தொழிலாளரின் திருநாளாகிய மே முதலாம் நாள், புனித சூசையப்பரின் பூசையிலே கூலியைப் பற்றியும் கடையின் வட்டியைப் பற்றியும் பிரசங்கித்தபோது என் நாவில் தடையிருக்கவில்லை. மேலே இருந்தது அந்தத் தாய்மாரின் அரிசியில் வந்த கூரை.

அன்பான குடும்பத்தினரே, உங்கள் பங்கிலும் இப்படியொரு தேவை வரும். பாடகர் குழுவுக்கு வாத்தியம், மறைக்கல்விக்கு மண்டபம், திருநாளுக்குப் பந்தல். யாரிடம் கேட்கலாம் என்று பெயர்ப் பட்டியல் போடும் முன், நாம் எவ்வளவு கொடுத்தோம் என்று பாருங்கள். கலியாண வீட்டுக்கும் பூப்புனித நீராட்டுக்கும் கடன் வாங்கிச் செலவழிக்கும் நாம், கோவில் என்றவுடன் பிறர் பையைப் பார்ப்பது நீதியா? ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசை ஆண்டவர் உயர்த்திச் சொன்னது அவளிடம் இன்னும் வாங்குவதற்காக அல்ல. கொடுக்கும் பெருமையை ஏழையிடமிருந்து யாரும் பறிக்கக் கூடாது என்பதற்காகவும் அல்லவா?

பிற மதத்தவர் அன்பாய்க் கொண்டுவருவதை நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். ஏழைகளுக்கான வேலையில் அவர்களோடு தோள் சேருங்கள். தொழிலாளியின் கூலியைப் பிடித்தவர் நீட்டும் பணம் என்று தெரிந்தால், உரியவரிடமே திருப்பிக் கொடுக்கும்படி பணிவாகச் சொல்லுங்கள். பெயர்க் கல்லும் மேடையும் மௌனமும் விலையாகக் கேட்கும் கொடையை வேண்டாமென்று சொல்லுங்கள். உங்கள் ஊர்ச் செல்வந்தர் வீட்டுக்கு, ஒன்றும் கேட்காமல் ஒரு தடவையாவது போய் வாருங்கள். நம்மிடம் அவருக்குக் கொடுக்க ஒன்று இருக்கிறது என்பதை மறந்துவிட்டதால்தான் அவரிடம் வாங்க மட்டுமே போகிறோம்.

தலை சாய்க்க இடமில்லாமல் நம்மிடையே நடந்த ஆண்டவர், நம் கைகளைக் காணிக்கைக்குத் திறந்து வைக்கவும், நம் வாயை உண்மைக்குத் திறந்து வைக்கவும் அருள்புரிவாராக. தேவமாதாவும் புனித சூசைவாஸ் முனிவரும் நமக்காக வேண்டிக்கொள்வார்களாக. ஆமென்.